ஹன்ஜி (கொரியக் காகிதம்)

ஹன்ஜி என்பது காகித முசுக்கட்டை மரத்தின் உட்பட்டையிலிருந்து கையால் செய்யப்படும் கொரிய மரபுக் காகிதம் ஆகும். எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் மட்டுமன்றி, கதவு, சன்னல், சுவர், தரை, அறைகலன் என வீட்டின் பல பகுதிகளை மூடும் பொருளாகவும் இது பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கொரிய வீடுகளிலிருந்து இது மறையத் தொடங்கிய காலத்தில், ஓவியர்கள் சிலர் இதனைத் தம் கலையின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டனர். இன்று ஹன்ஜி தற்காலக் கலைக்கூடங்களிலும் உள்ளக வடிவமைப்பிலும் மீண்டும் காணப்படுகிறது.

பெயர்

'ஹன்' என்பது கொரியாவையும் 'ஜி' என்பது காகிதத்தையும் குறிக்கும். மேலைநாட்டு எந்திரக் காகிதம் பரவிய பின்னரே, அதிலிருந்து வேறுபடுத்திக் காட்ட இப்பெயர் பெருவழக்காயிற்று. அதற்கு முன் கொரியர்களுக்கு அது வெறும் 'காகிதம்' தான். பிறநாடுகளில் இதனை 'அரிசிக் காகிதம்' என அழைப்பதுண்டு. இது தவறு, ஹன்ஜியின் மூலப்பொருள் அரிசி அன்று.

செய்முறை

கொரிய மொழியில் 'தக்' எனப்படும் காகித முசுக்கட்டை, ஆல், அத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் வெட்டிய கிளைகளை ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பர். கறுத்த மேல்தோலைச் சுரண்டி நீக்கியபின் எஞ்சும் வெண்பட்டை, வைக்கோல், அவரையினச் செடிகளின் தண்டு போன்றவற்றை எரித்த சாம்பலின் காரநீரில் கொதிக்கவைக்கப்படும். பின்னர் ஓடும் நீரில் அலசி, வெயிலில் வெளுக்கவைத்து, கட்டையால் அடித்து நாராக்குவர்.

இந்நாரை நீர்த்தொட்டியில் கரைக்கும்போது 'ஹ்வாங்சொக்க்யூ' என்னும் செடியின் வேர்ச்சாறு சேர்க்கப்படுகிறது. இச்செடி வெண்டைக்கு நெருங்கிய உறவுடையது. வெண்டைக்காயை நறுக்கும்போது வரும் அதே வழவழப்புத்தான் இங்கும் வேலை செய்கிறது. இச்சாறு நாரை ஒட்டவைக்கும் பசை அன்று; நார்கள் ஒன்றோடொன்று சிக்கி அடியில் படியாமல், நீரில் சீராக மிதக்கச் செய்வதே இதன் பணி.

ஹன்ஜியின் தனித்தன்மை தாளை எடுக்கும் முறையில் உள்ளது. மூங்கில் சலகையைத் தாங்கும் சட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கவிடப்படும். கைவினைஞர் முன்னிருந்து ஒருமுறை நீரை முகந்து வழியவிட்டு, பின் இடமும் வலமுமாக மாறிமாறி முகந்து ஆட்டுவார். இதனால் நார்கள் நெடுக்காகவும் குறுக்காகவும் பின்னிக்கொள்கின்றன. ஒரு தாளில் ஒரு முனை சற்றுத் தடித்து அமைவதால், இரண்டு தாள்களை முனை மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தாளாக்குவர். எப்பக்கம் இழுத்தாலும் எளிதில் கிழியாத வலிமைக்கு இதுவே காரணம். இறுதியில் ஈரத்தாள்களை அடுக்கி உலக்கையால் இடித்து மேற்பரப்பை இறுக்கும் 'தோசிம்' என்னும் முறையும் உண்டு.

சாம்பலின் காரம் தாளில் அமிலம் சேராமல் காப்பதால் ஹன்ஜி நெடுங்காலம் நிலைக்கிறது. கியோங்ஜு நகரின் புல்குக்சா கோயிலில் 1966இல் சொக்காதாப் கோபுரத்தைச் செப்பனிட்டபோது, அதனுள்ளிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள, மரப்பாளத்தில் அச்சிட்ட பௌத்த தாரணிச் சுருள் கிடைத்தது. கோபுரம் 751ஆம் ஆண்டளவில் எழுந்ததால், சுருளும் அக்காலத்தது எனக் கொரிய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மரபு வீட்டில் ஹன்ஜி

'ஹனோக்' எனப்படும் கொரிய மரபு வீட்டில், கதவு, சன்னல்களின் மரச்சட்டகத்தில் கண்ணாடிக்கு மாற்றாக ஹன்ஜி ஒட்டப்பட்டது. ஜப்பானிய வீடுகளில் தாள் பொதுவாகச் சட்டகத்தின் வெளிப்புறத்தில் இருக்கும். கொரியாவில் உட்புறத்தில் இருக்கும். ஆகவே கொரிய வீட்டில் மரச்சட்டத்தின் கோலம் வெளியே நிற்பவருக்குத் தெரிகிறது; உள்ளே இருப்பவருக்கு அதன் நிழல் மட்டுமே தெரிகிறது. தாளின் நுண்துளைகள் வழியே காற்றும் ஈரமும் மெல்லக் கடக்கும். கூசும் வெயிலும் உள்ளே வரும்போது பரவிய மென்னொளியாகிவிடும்.

குளிர்காலத்துக்கு முன், இலையுதிர் காலத்தில் கதவுத்தாளைப் புதுப்பிப்பது வழக்கம். கை அடிக்கடி படும் பிடியருகே இரட்டைத் தாள் ஒட்டி, நடுவே உலர்ந்த இலையையோ சாமந்தி இதழையோ வைப்பர். கிழியாமல் காக்கும் ஒட்டே அழகாகவும் ஆனது.

'ஒந்தோல்' எனப்படும் தரையடிச் சூடேற்ற முறையிலும் ஹன்ஜிக்கு முதன்மையான இடம் இருந்தது. அடுப்பின் புகையும் வெப்பமும் தரைக்கடியில் செல்லும். கல்லும் களிமண்ணும் கொண்ட அத்தரைமீது தடித்த பல அடுக்குத் தாள் ஒட்டப்பட்டு, அரைத்த சோயா அவரையும் எண்ணெயும் சேர்த்துத் தேய்க்கப்படும். மஞ்சள் பளபளப்புடன் நீர் ஊறாத தரை கிடைக்கும். இத்தரைத்தாள் 'ஜாங்பான்' எனப்பட்டது. இன்று கொரியாவில் ஜாங்பான் என்றால் பெரும்பாலும் நெகிழி விரிப்பையே குறிக்கும். பெயர் தங்கிவிட்டது, பொருள் போய்விட்டது.

பயன்படுத்திய தாளும் வீணாகவில்லை. பழைய நூல்களின் ஏடுகளைக் கயிறாகத் திரித்துக் கூடை, தட்டு பின்னும் 'ஜிசுங்', தாளை ஊறவைத்து இடித்துக் கலம் செய்யும் 'ஜிஹோ' ஆகியவை தனிக் கைத்தொழில்களாக வளர்ந்தன.

தற்காலக் கலையில்

1970களில் உருவான 'தான்செக்வா' என்னும் ஒற்றைநிற ஓவியப் போக்கில் ஹன்ஜி, படம் வரையும் பரப்பு என்னும் நிலையிலிருந்து படமாகவே மாறியது. க்வொன் யங்-வூ (1926–2013) மையையும் தூரிகையையும் விலக்கி, தாளைக் கிழித்தும் துளைத்தும் அடுக்கியும் படைத்தார். சுங் சாங்-சுப் (1927–2011) தாளாவதற்கு முந்தைய தக் நாரையே நீரோடு துணிமீது பரப்பிக் கையால் அழுத்தி உருக்கொடுத்தார். பார்க் சியோ-போ (1931–2023) 1980கள் முதல் நனைந்த ஹன்ஜி அடுக்குகளைக் கோலால் கீறி, உழுத வயலைப் போன்ற சால்களை உண்டாக்கினார்.

இவர்களுக்குப் பின் உலக அளவில் அறியப்பட்டவர் சுன் க்வாங்-யங் (பிறப்பு 1944). அமெரிக்காவில் பயின்று அரூப ஓவியராகத் தொடங்கிய இவர், சிறுவயதில் உறவினரின் மூலிகை மருந்தகத்தில் உத்தரத்திலிருந்து தொங்கிய காகித மருந்துப் பொட்டலங்களை நினைவுகூர்ந்து புதிய வழியைக் கண்டார். 1990களின் நடுப்பகுதி முதல், முக்கோண நுரைநெகிழித் துண்டுகளைப் பழைய நூல்களின் ஹன்ஜி ஏடுகளால் பொதிந்து, தாளைத் திரித்த நூலால் கட்டி, ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பெரும் பரப்புகளாகவும் சிற்பங்களாகவும் அமைத்து வருகிறார். இவற்றில் பழைய எழுத்துகள் துண்டு துண்டாகத் தெரியும், படிக்க இயலாது. மறைந்துபோயிருக்கக்கூடிய ஏடுகளை இவை காக்கின்றன என்று சொல்லலாம். நூல்களாக அவை இனி இல்லை என்பதும் உண்மையே. 2022இல் வெனிசு நகரில் இவரது கண்காட்சி நடந்தபோது, இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஸ்டெஃபானோ போயரி அதற்கென 'ஹன்ஜி இல்லம்' என்னும் சிறு கட்டடத்தை வடிவமைத்தார்.

உள்ளக வடிவமைப்பில்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஹன்ஜி பெரும்பாலும் சுவர்த்தாள், விளக்குக்கூடு, சன்னல் மறைப்பு, இடைத்தட்டி ஆகிய வடிவங்களில் பயன்படுகிறது. விளக்குக்கூடு மரபுக்கு மிக நெருக்கமானது: கதவில் பகலொளிக்குச் செய்த வேலையை அங்கே மின்னொளிக்குச் செய்கிறது. சுவர்த்தாளின் நிலை வேறு. அழுக்குப் படியாதிருக்க நெகிழிப் பூச்சு பூசினால் தாளின் நுண்துளைகள் அடைபடுகின்றன. அப்போது தோற்றம் மட்டுமே ஹன்ஜியுடையது. ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்பு அற்றுப்போகிறது.

இன்றைய நிலை

தென்கொரியா 2005இல் ஹன்ஜி செய்யும் கலையை நாட்டின் முதன்மையான அருவப் பண்பாட்டுச் சொத்துகளுள் ஒன்றாக அறிவித்தது. ஜியோன்ஜு, வொன்ஜு ஆகியவை இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரங்கள். ஏடுகளைச் செப்பனிடும் துறையிலும் இதற்கு மதிப்பு கூடியுள்ளது. 2016இல் இத்தாலியின் நூற்காப்பு நிறுவனம் ஒன்று ஹன்ஜியைச் செப்பனிடத் தக்க தாளாகச் சான்றளித்தது. புனித பிரான்சிசின் கையெழுத்து ஏட்டைச் செப்பனிடவும் ஹன்ஜி பயன்பட்டது.

ஆயினும் கைப்பட்டறைகள் குறைந்துவிட்டன. மலிவான இறக்குமதிப் பட்டையும், மரக்கூழ் கலந்த எந்திரத்தாளும் ஹன்ஜி என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. கைத்தாளை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மூங்கில் சலகையின் மெல்லிய கோடுகளும் எல்லாத் திசைகளிலும் ஓடும் நீண்ட நார்களும் தெரியும். கிழித்தால் விளிம்பு நேராக அமையாது. நார்கள் மயிர்போல் நீண்டு நிற்கும்.