வன்னியின் உணவுக் காப்பு மரபு: உபரியும் உரிமையும்

உணவை விளைவிப்பதைப் போன்றே அதனைக் கெடாது பேணுவதும் உற்பத்திச் செயற்பாட்டின் ஒரு கூறாகும். எனினும் நமது சமூக வரலாற்றாய்வுகள் குளத்துக்கும் வயலுக்கும் நிலவுடைமைக்கும் அளித்த கவனத்தை, விளைந்ததைக் காத்த தொழில்நுட்பத்துக்கு அளிக்கவில்லை. தாவரச் சாறுகள் சேர்ந்த உணவுப் பொதிப் படலங்கள் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் பெருகிவரும் இன்று, வன்னிப் பெருநிலத்தை முன்னிறுத்தி இவ்விடயத்தை வரலாற்று நோக்கில் அணுகுவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகளை இங்கு நினைவுகூரலாம். மோர் விற்றுப் பெற்றதைக் கொண்டு அவள் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏலாது எருமையையும் நல்லானையும் பெறுகிறாள். மோர் விரைவிற் கெடுவது. அன்றாட உணவாக மாறிவிடுவது. நெய் நீடித்து நிற்பது, மந்தையாகப் பெருகுவது. பண்டத்தின் கெடாத்தன்மையே உபரியைச் சாத்தியமாக்குகிறது என்னும் பொருளியல் உண்மை இதனுள் அடங்கியுள்ளது.

மேய்ச்சலும் வேளாண்மையும் இணைந்த வன்னி வாழ்வில் இவ்வுண்மைக்குத் தனி இடமுண்டு. நெய் உருக்கும்போது முருங்கையிலையோ கறிவேப்பிலையோ இடுவது தமிழர் இல்லங்களில் நீண்டகாலமாக நிலவும் வழக்கம். மணத்துக்காக என்பர், அதற்கப்பாலும் காரணமுண்டு. கொழுப்பு ஒட்சிசனோடு தாக்கமுறும்போது சுயாதீன மூலிகங்கள் தோன்றுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தோற்றுவிக்க, தாக்கம் சங்கிலியாகத் தொடர்ந்து சிக்கல் நாற்றம் பிறக்கிறது. இவ்விலைகளிலுள்ள பீனோற் சேர்வைகள் ஐதரசனை வழங்கி அச்சங்கிலியை அறுக்கின்றன. ஆய்வுகூடம் ஒட்சியேற்ற எதிரி எனப் பெயரிட்டதை அடுக்களை பெயரிடாமலே பயன்படுத்தியது.

ஆயினும் மரபு முறைகள் யாவற்றையும் ஒரே விதிக்குள் அடக்குதல் அறிவியலாகாது. வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை இட்டு, களிமண்ணால் அடைத்து வறுமைக் காலத்துக்கென வைத்ததை 1681 இல் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் பதிவுசெய்தார். அங்கு முதன்மையாகத் தொழிற்படுவது நீரை உறிஞ்சும் தேனின் இயல்பும் காற்றின் தடையுமாகும். பனங்கட்டியைக் கொள்ளும் குட்டானும் மீனைச் சுமக்கும் உமலும் பனையோலையின் இழைவலுவையே பயன்கொண்டன. முறைகள் வேறு, கிடைத்த தாவரத்தின் பண்பறிந்து தேவைக்கேற்பக் கையாண்ட உழைப்பனுபவம் ஒன்றே.

அவ்வனுபவத்தின் உரிமையாளர் யாவர்? நெய் உருக்கிய பெண்கள், பனையேறிய தொழிலாளர், காட்டிலே தேனெடுத்தோர். சாதியமும் ஆணாதிக்கமும் இவர்களது அறிவைக் கைப்பழக்கமெனத் தாழ்த்தின. அதனாலேயே அது ஏட்டில் ஏறவில்லை. ஒல்லாந்தருக்கு வன்னியர் செலுத்திய யானைத் திறை ஆவணங்களில் இருக்கிறது. உறியில் தொங்கிய நெய்க்குடத்துக்கு ஆவணமில்லை.

எழுதப்படாத அறிவு, அதனைச் சுமக்கும் சமூகம் சிதறும்போது தானும் சிதறும். 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடை எரிபொருளையும் உரத்தையும் வன்னிக்கு அரிதாக்கியது. 2002 இல் திறந்த ஏ-9 பாதை 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மந்தைகளையும் வீடுகளையும் இழந்து வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீள்குடியேறியோரை எதிர்கொண்ட சந்தை பொலித்தீன் பொதிகளின் சந்தையாகும். பொலித்தீன் உணவுத் தாள்களை அரசு 2017 செப்டெம்பரில் தடைசெய்தபோதும், அவ்விடத்தை நிரப்பும் உள்ளூர் உற்பத்தி திட்டமிட்டு வளர்க்கப்படவில்லை.

இன்றைய ஆய்வு புதியதொரு வாய்ப்பைத் தருகிறது. இறால் ஓட்டின் கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசன் படலமாக வார்க்கப்படக்கூடியது. அதனுள் முருங்கையிலை போன்றவற்றின் சாற்றைச் சேர்க்கும்போது பொதியே உணவின் ஒட்சியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. நந்திக்கடலிலும் கொக்கிளாயிலும் இறாலுண்டு, வளவுதோறும் முருங்கையுண்டு, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமும் உண்டு. ஈரத்தில் இப்படலம் நலிவதும், சாற்றின் அளவு கூடின் நிறமும் சுவையும் மாறுவதும் தீர்க்கப்படவேண்டிய தொழில்நுட்பச் சிக்கல்களாம்.

உரிமைச் சிக்கல் அதனினும் கடினமானது. வேப்பெண்ணெயைப் பூஞ்சண எதிரியாகப் பயன்படுத்தும் முறைக்கு 1994 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் டபிள்யூ. ஆர். கிறேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும் உரிமம் வழங்கிற்று. இந்திய உழவரிடையே நிலவிய முன்வழக்கு எடுத்துக்காட்டப்பட்டதால் 2000 இல் அது இரத்தாயிற்று; மேன்முறையீடும் 2005 இல் தள்ளப்பட்டது. பதிவு செய்யப்பட்ட வழக்கமே அங்கு படைக்கலமாயிற்று.

எனவே வன்னியின் காப்பு முறைகளை ஊர்தோறும் சென்று, சொல்வோரின் பெயரோடும் இசைவோடும் பதிவுசெய்தல் தமிழாய்வாளரின் பணியுமாகும். அப்பதிவிலிருந்து பிறக்கும் உற்பத்தி, அறிவைத் தந்த பெண்களினதும் கடற்றொழிலாளரினதும் கூட்டுறவுகளின் கையில் இருக்கவேண்டும். அன்றேல், ஆய்மகளின் நெய் வளர்க்கும் மந்தை பிறரது பட்டியிலேயே அடையும்.