மண்ணுக்குள் ஒரு நூலகம்

1946ஆம் ஆண்டு செப்டம்பர் 18. போலந்தின் தலைநகர் வார்சா. கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் செங்கற்குவியல்! தெரு எது, வீடு எது என்று தெரியாத பாழ்வெளி. நோவோலிப்கித் தெருவில், 68ஆம் எண்ணுள்ள பள்ளிக்கூடம் இருந்த இடத்தில், சிலர் தோண்டிக்கொண்டிருந்தனர். பொன்னைத் தேடியா? அல்ல, தாளைத் தேடி! பத்துத் தகரப் பெட்டிகள் வெளிவந்தன. உள்ளே நீர் கசிந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யூத மக்களின் வரலாற்றை ஆராய்வோர் இன்று நாடிச் செல்லும் மூலங்களுள் தலையாயது ஒன்று, இவ்வண்ணம் மண்ணிலிருந்து மீண்டது.

புதைத்தவர் யார்? இம்மானுவேல் ரிங்கெல்பிளம். வார்சா யூதரின் பழைய வரலாற்றை ஆய்ந்து 1927இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1940 நவம்பரில், நாஜிகள் நகரின் ஒரு பகுதியைச் சுவரெழுப்பி அடைத்தனர். நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் உள்ளே சிறைப்பட்டனர். அதே மாதம் அவர் ஒரு மறைவுக் குழுவை அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு 'ஓய்வுநாள் மகிழ்ச்சி' என்று பெயர். வேதம் கற்ற குருவும், சமதர்மக் கட்சியினரும், பள்ளி ஆசிரியர்களும் ஒரே குழுவில்! நம்பிக்கையில் வேறுபட்டவர்கள், நடந்ததை நடந்தவாறு எழுதிவைக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

எவற்றைச் சேர்த்தார்கள்? பங்கீட்டு அட்டை, டிராம் வண்டிச் சீட்டு, மிட்டாய் சுற்றிய காகிதம், நாடக விளம்பரம், பள்ளிப்பிள்ளைகளின் கட்டுரைகள், மறைவில் அச்சிட்ட ஏடுகள், நாட்குறிப்புகள். மன்னர்களின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு, மிட்டாய்க் காகிதமும் வரலாறா என்று நகைக்கத் தோன்றும். நகைக்க வேண்டாம்! பட்டினி கிடந்த ஊரில் எதை விற்றார்கள், எதைத் தின்றார்கள் என்பதை எந்தச் சாசனம் சொல்லும்? அடைபட்ட பகுதியில் பெண்கள் எவ்வாறு பிழைத்தனர் என்பதைத் தனியே ஆராய்ந்தார் செசிலியா ஸ்லெபாக் என்னும் அம்மையார். அவரும் அந்தப் போரிலே மாண்டார். ஆய்வு மட்டும் மிஞ்சியது.

தம் இனத்தாரின் குற்றங்களையும் அவர்கள் மூடி மறைத்தாரில்லை. யூதக் காவலர் கையூட்டு வாங்கியதும், தம் மக்களையே இழுத்துச் சென்றதும், செல்வர் சிலர் விருந்துண்ண ஏழைகள் தெருவோரம் செத்துக் கிடந்ததும், எல்லாம் ஏட்டில் ஏறின. இனப்பற்று என்று சொல்லி இனத்தின் அழுக்கை மறைப்போர், இந்தத் தாள்களைப் படிக்க வேண்டும்.

இதன் அருமையை உணர்த்த ஒரு நிகழ்ச்சி போதும். 1942 மே மாதம் நாஜிகள் படப்பிடிப்புக் கருவிகளோடு உள்ளே வந்தனர். தெருவில் போவோரைப் பிடித்து வந்து உணவு விடுதியில் அமர்த்தினர். முன்னே பண்டங்களைப் பரப்பி, உண்ணச் சொல்லிப் படமெடுத்தனர். பட்டினியால் சாகும் மக்களை, சொகுசாக வாழ்வோராகக் காட்டும் பித்தலாட்டம்! அந்தப் படம் முற்றுப்பெறவில்லை. ஆனால் படச்சுருள்கள் போருக்குப் பின்னும் இருந்தன. அவை மட்டுமே எஞ்சியிருந்தால்? கொலைகாரனின் கூற்றே சான்றாகியிருக்கும்! ஆபிரகாம் லெவின் என்னும் ஆசிரியரின் நாட்குறிப்பு, அந்தப் படப்பிடிப்பின் சூதினைக் குறித்துவைத்திருந்தது. அது மண்ணுக்குள் காத்திருந்தது.

1942 சூலை முதல் செப்டம்பர் வரை, இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் டிரெப்ளிங்காக் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்தக் கொடுமை நிகழ்கையிலேயே, ஆகஸ்டுத் தொடக்கத்தில் பெட்டிகள் புதைக்கப்பட்டன. 1943 பிப்ரவரியில் மேலும் சில தாள்கள், பால் எடுத்துச் செல்லும் இரண்டு உலோகக் கலங்களில் வைத்துப் புதைக்கப்பட்டன. 1944 மார்ச்சில் ரிங்கெல்பிளமின் மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டது. மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். குழுவில் இருந்தோர் ஏறத்தாழ அறுபது பேர், உயிர்தப்பியோர் மூவர். பாற்கலங்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த பகுதி இன்றுவரை கிட்டவில்லை.

மீண்டவை ஏறத்தாழ 35,000 பக்கங்கள். வார்சாவின் யூத வரலாற்று நிலையத்தில் அவை உள்ளன. அந்தக் கட்டடம் முன்பு யூதர்களின் பெரிய நூலகமாயிருந்தது. அதன் நூல்களை நாஜிகள் அள்ளிச் சென்றனர். அருகிலிருந்த பெரிய தொழுகைக் கூடத்தை, 1943 மே 16 அன்று வெடிவைத்துத் தகர்த்தனர். அன்று பரவிய தீ கருக்கிய தரைக்கற்கள், நுழைவாயிலில் இன்றும் அப்படியே உள்ளன. தாள்களைக் காணச் செல்வோர் அவற்றை மிதித்துத்தான் உள்ளே போகிறார்கள்.