பத்து மணி நெரிசல்

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்தவர் என் அப்பா. நான் ஜங்ஷன் பக்கம் நெட் சென்டர் வைத்தவன். 2002 ஆகஸ்டில் ரயில் டிக்கெட் இணையத்துக்கு வந்தது. ஆனால் தாள் டிக்கெட் கூரியரில்தான் வரும். 2005இல் மின்டிக்கெட் வந்தபின்தான் கூட்டம். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு, 2014இல் வந்த புதிய தளத்தில் 7,200 ஆனது.

இப்படிப்பட்ட தளங்களைத் திறக்குமுன் நிரல் எழுதிப் பொய்ப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏவுவார்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, சர்வரிலா, தரவுத்தளத்திலா, வங்கி வாசலிலா என்று பார்ப்பார்கள். அப்பாவின் கட்டைக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பது போலத்தான்.

2015 ஜூனில், அவசரப் பயணத்துக்கான தட்கால் முன்பதிவின் நேரத்தைப் பிரித்தார்கள்: ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11. இயந்திரத்தைப் பெருக்குவதைவிடக் கூட்டத்தைப் பிரிப்பது மலிவு. என்னைக் கேட்டால் அதுதான் கெட்டிக்காரத்தனம். பொங்கல் முன்பதிவு மட்டும் காலை 8 மணிக்கே முட்டி மோதும்.