நங்கூரம் கட்டிய உடல்கள்

"திமிங்கலத்துக்கும் குடும்பம் உண்டுன்னு அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்?" ஓர்க்காக்களைத் தொட்டியில் அடைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்படி ஒரு சமாதானம் சொல்வார்கள்.

1970 ஆகஸ்ட் 8. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், விட்பி தீவின் பென் கோவ் விரிகுடா. படகுகளாலும் வெடிகளாலும் விரட்டி ஓர்க்காக் கூட்டத்தை வலைக்குள் அடைத்தார்கள். குட்டிகளைப் பிரித்தெடுத்தபோது, வெளியே விடப்பட்ட பெரியவை ஓடிப்போகவில்லை. வலையையே சுற்றிச்சுற்றி வந்தன. நாலு குட்டிகளும் ஒரு பெரிய ஓர்க்காவும் மூழ்கிச் செத்தன. அந்த உடல்களின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி, நங்கூரம் கட்டிக் கடலில் அமிழ்த்தினார்கள். நவம்பரில் மூன்று உடல்கள் கரையொதுங்கியபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

ஓர்க்காவைப் பிடிப்பது அன்று சட்டப்படி குற்றமே இல்லை. அப்புறம் எதற்கு மறைக்கணும்? தெரியாமல் செய்தவன் கல்லைத் தேடமாட்டான்.

அன்று பிடிபட்ட ஏழில் ஒன்று லோலிட்டா. சுமார் நான்கு வயதில் மயாமி சீக்வேரியத்துக்குப் போனவள். வளர்ந்தபின் அவள் நீளமே ஆறு மீட்டர். தொட்டியின் ஆழமும் அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் 18 அன்று அங்கேயே இறந்தாள். ஓர்க்காக்களை உறவினராகக் கருதும் லும்மி பழங்குடியினர் அவள் சாம்பலைப் பிறந்த கடலில் கரைத்தார்கள். கடல் திரும்ப ஐம்பத்துமூன்று வருஷம் ஆயிற்று.