தபால் குமாஸ்தாவின் வசனம்

லாகூர் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் பின்னாளில் திலீப் குமாருக்கு வசனம் எழுதினார். ராஜிந்தர் சிங் பேடி, 1915ல் பிறந்த சீக்கியர். வீட்டில் பேசியது பஞ்சாபி, எழுதியது உருது, சோறு போட்டது இந்தி சினிமா.

குமாஸ்தா உத்தியோகம் வீண்போகவில்லை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கரம் கோட்' சிறுகதையின் நாயகனும் குமாஸ்தாதான். நைந்த கோட்டு, அதில் ஒரு பத்து ரூபாய் நோட்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்னென்ன வாங்கலாம் என்று மனக்கணக்கு ஓடுகிறது. கையை விட்டால் நோட்டைக் காணோம்! அது ஓட்டை வழியாக உள்துணிக்குள் நழுவிக் கிடந்தது பிறகுதான் தெரிகிறது. கடைசியில் அந்தப் பணத்தோடு கடைக்குப் போகும் மனைவி, தனக்கென்று ஒன்றும் வாங்காமல், புருஷனுக்குக் கோட்டுத் துணியோடு திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. பேடியின் கை எப்போதும் இப்படிப்பட்ட சின்னப் பொருள்களின் மேல்தான் இருக்கும்.

பிரிவினையில் லாகூர் போயிற்று. ஜம்மு வானொலியில் கொஞ்ச காலம், 1949ல் பம்பாய்.

அங்கே அவருக்கு வேலை தயாராக இருந்தது. பிமல் ராய், ரிஷிகேஷ் முகர்ஜி போன்ற வங்காளி இயக்குநர்களிடம் கதை இருந்தது, கேமரா இருந்தது; பாத்திரங்களை வட இந்தியக் காதுக்கு ஏற்றபடி பேசவைக்க ஆள் வேண்டியிருந்தது. 'தேவதாஸ்' (1955) சரத்சந்திரரின் நாவல். 'மதுமதி' (1958) ரித்விக் கட்டக் எழுதிய கதை. இரண்டுக்கும் வசனம் பேடி. வங்காளத்தில் முளைத்த கதை, ஒரு பஞ்சாபியின் கையால் உருதுவில் பேச்சாகி, இந்திப் படம் என்ற பெயரோடு தியேட்டருக்கு வந்தது. 'மதுமதி' வசனத்துக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பொய் சொல்லத் தெரியாத இன்ஜினீயரைப் பற்றிய 'சத்யகாம்' (1969) இரண்டாவது விருதைத் தந்தது. நம் பாலசந்தரின் 'புன்னகை' அதன் மறு ஆக்கம்தான்.

ஊரார் கதைக்குச் சரளமாக ஓடிய பேனா, சொந்தக் கதைகள் படமாகும்போது அடிக்கடி தடங்கலில் மாட்டிக்கொண்டது. தன் பழைய வானொலி நாடகம் ஒன்றை 'தஸ்தக்' என்று அவரே இயக்க 1970 ஆகிவிட்டது. புதுமணத் தம்பதி வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். முன்பு அங்கே குடியிருந்தவள் பாட்டுக்காரி. விஷயம் தெரியாத பழைய வாடிக்கையாளர்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டல்தான் படத்தின் பெயர். தம்பதியாக நடித்த சஞ்சீவ் குமார், ரெஹானா சுல்தான், இசையமைத்த மதன் மோகன் மூவருக்கும் தேசிய விருது. இத்தனை நல்ல படம் எடுக்கத் தெரிந்தவரை இருபது வருஷம் பெரும்பாலும் வசனத்தோடு நிறுத்திவைத்த தொழில் அது.

சாகித்ய அகாதமி பரிசு பெற்ற அவருடைய குறுநாவல் 'ஏக் சாதர் மைலி சி'. கணவனைப் பறிகொடுத்த ராணோவுக்குக் கொழுந்தனையே மணம் முடித்துவைக்கும் கிராமத்துக் கதை. கீதா பாலி ராணோவாக நடிக்கப் படப்பிடிப்பு தொடங்கியது. 1965 ஜனவரியில் பெரியம்மை கீதா பாலியைக் கொண்டுபோனது, படம் நின்றது. அதே கதையை 1978ல் பாகிஸ்தானில் நடிகை சங்கீதா படமாக்கினார். இந்தியில் வந்தபோது 1986. பேடி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பஞ்சாபி ராணோவாக அதில் நடித்தவர் நம் ஹேமமாலினி.