பிரேக் பிடிச்சா பாரம் எங்க போகும்?

ராசிபுரம்–நாமக்கல் ரோட்டுல அப்பாவோட கம்பி பிரேக் சைக்கிள்ல பழகினவன் நான். இறக்கத்தில் அழுத்திப் பிடித்தால் உடம்பு முன்னால் தள்ளும். ஹேண்டில்பாரில் ஊன்றிய கைகள்தான் தாங்கணும், மணிக்கட்டு கடுக்கும்.

சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் பெடல் முன்னால் இருக்கும். அந்தத் தள்ளலைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். ஹேண்டில்பார் திருப்பத்தான். அதில் ஊன்றினால் வண்டி அலையும்.

இது ஏன் நம்ம ரோட்டுக்கு வரல? ஒரு காரணம் பாரிசில் இருக்கு. 1933-ல் சார்ல் மோஷே செய்த இந்த வகை சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ. தாண்டினார். 1934-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் அதைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. தடை தெருவுக்கு இல்லதான். ஆனா பந்தயத்தில் ஓடாத வண்டியை எந்தக் கம்பெனி துணிஞ்சு செய்யும்?