சிற்றுருவம் சொல்லும் போர்க்கதை



நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிப் பாறசாலைக்குச் செல்லும் வழியில், தென்னையும் பனையும் அடுத்தடுத்து நிற்கும் சிற்றூர்கள் பல உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலம் இரு கூறாயினும், அங்குள்ள சிறுவரின் விளையாட்டு இரு கூறாகவில்லை. கோடையில் நுங்கு தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுவது எல்லையின் இருபுறத்திற்கும் பொதுவான இன்பம்.

அந்த நுங்கு வண்டியும் ஒரு மாதிரியுருவே. ஆயின் அது எந்த வண்டியின் மாதிரி என்று எவரும் கேட்பதில்லை. உருண்டால் போதும், சிறுவன் உள்ளம் நிறையும். இன்று யான் கூறப்புகுவது இதனினும் வேறான ஒரு கலை. போர்க்காலத்து விமானங்களையும் ஊர்திகளையும், உண்மை அளவில் இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, சிற்றுருவாகச் செய்யும் கலை அது. இங்கே, “போலிருந்தால் போதும்” என்பதற்கு இடமில்லை. ஏன் இல்லை என்பதை வரலாறே சொல்லும்.

இரண்டாம் உலகப் போரில் இச்சிற்றூர்களின்மேல் குண்டு விழவில்லை. ஆயினும் போர் அடுக்களை வழியாக உள்ளே வந்தது. திருவிதாங்கூர் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த நாடு. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அவ்வரிசி நின்றது. பல வீடுகளில் மரச்சீனிக் கிழங்கே பசியாற்றியது. அதே ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், இதே தென்கடலுக்கு அப்பால் இலங்கையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே நம் பொருளுக்கு அடிப்படையாவது.

ஏப்ரல் 4-ஆம் நாள், இலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து புறப்பட்ட கேட்டலீனா என்னும் நீர்விமானம், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு கம்பியில்லாத் தந்தியால் அறிவித்தது. அதனை ஓட்டியவர் கனடா நாட்டவரான லெனார்ட் பர்ச்சால். செய்தி அனுப்பிய சிறிது நேரத்தில் அவ்விமானம் வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவ்வேளையில் பிரிட்டிஷ் கடற்படையின் ஸ்வார்ட்பிஷ் விமானங்கள் ஆறு, திரிகோணமலைப் பக்கமிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. இரட்டை அடுக்குச் சிறகும் மெதுவான ஓட்டமும் உடையவை அவை. எதிரே தோன்றிய போர்விமானங்களைத் தம் பக்கத்து ஹரிக்கேன்கள் என்று அவற்றின் வீரர் எண்ணிவிட்டனர் என்று போர் வரலாறு எழுதியோர் கூறுவர். வந்தவை ஜப்பானிய ஜீரோ விமானங்கள். ஆறு ஸ்வார்ட்பிஷ்களும் வீழ்ந்தன.

இம்மயக்கம் எளிதில் நேரக்கூடியதே. ஹரிக்கேனின் சிறககலம் ஏறத்தாழ 12.2 மீட்டர், ஜீரோவின் சிறககலம் 12 மீட்டர். இரண்டும் ஒற்றைச் சிறகு விமானங்கள். இரண்டிலும் சிறகு உடலின் அடிப்புறத்தில் பொருந்தியது. பின் வேறுபாடு எங்கே? ஹரிக்கேனின் மூக்கு நீண்டு கூரியது. அதன் வயிற்றின்கீழ்க் குளிர்விப்புப் பெட்டி ஒன்று தொங்கும். ஜீரோவின் மூக்கு உருண்டு மழுங்கியது, வயிறு வழுவழுப்பானது. தொலைவானில் இவ்வேறுபாட்டைக் காணச் சில நொடிகளே கிட்டும். அந்நொடிகளில் கண் பிழைபட்டால் உயிர் போகும்.

கண்ணைப் பழக்குவதற்குப் படம் மட்டும் போதாது. படத்தைத் திருப்பிப் பார்க்க இயலாது. கையில் ஏந்தி எப்பக்கமும் திருப்பத்தக்க சிற்றுருவமே வேண்டும். இதனை உணர்ந்த அமெரிக்கக் கடற்படை, 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பள்ளி மாணவர்களை அணுகியது. ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பதினாயிரம், ஆக 5,00,000 மர மாதிரிகள் வேண்டும் என்பது வேண்டுகோள். மாணவர் மரத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, கருநிறம் பூசி அனுப்பினர். கருநிறம் ஏன் எனில், வானின் ஒளிக்கு எதிரே விமானம் நிழலுருவாகவே தோன்றும். அளவு பிசகிய மாதிரிகள் ஏற்கப்படவில்லை. பிழையான மாதிரி, கண்ணுக்குப் பிழையையே கற்பிக்கும் அன்றோ?

அம்மாதிரிகளின் அளவு 72-இல் ஒரு பங்கு. அஃதாவது, உண்மையின் ஆறு அடி மாதிரியில் ஓர் அங்குலம். அத்தகைய மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் தோன்றுவதுபோலத் தோன்றும். இவ்வளவு போருக்கு முன்னரே வழக்கிலிருந்தது. 1930-களில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மர மாதிரிகளும், 1936-இல் ஃப்ராக் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரிகளும் இவ்வளவில் விற்பனைக்கு வந்தன. போருக்குப் பின் 1953-இல் ஏர்பிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்பயர் விமானத்தை இதே அளவில் வெளியிட்டது. ஊர்திகளுக்கு 35-இல் ஒரு பங்கு என்னும் அளவு பரவியது. 1961-இல் ஜப்பானிலுள்ள தாமியா நிறுவனம் செய்த பாந்தர் டாங்கியின் வயிற்றில் மின்கலமும் மோட்டாரும் அடங்க வேண்டியிருந்தமையால் அமைந்த அளவு அது.

இனி, ஒரு மாதிரியைச் சீர்தூக்குவது எங்ஙனம்? வண்ணத்தின் பளபளப்பில் மயங்குவதே பலரின் இயல்பு. முதலில் காணவேண்டியது வடிவம். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஹரிக்கேனின் சிறககலம் 169 மில்லிமீட்டர், ஜீரோவினுடையது 167. வேறுபாடு ஒரு நெல்மணியின் தடிப்பளவே! ஆகவே அளவுகோல் மட்டும் துணையாகாது. மூக்கின் வளைவும் சிறகின் நுனியும் வாலின் சாய்வும் ஒத்திருத்தல் வேண்டும். நம் சிற்பியர் முக நீளத்தையே தாளமாகக் கொண்டு, நவதாளம், தசதாளம் என்று திருமேனிகளை அளந்தமையை இங்கே நினைவுகூரலாம். உறுப்புக்கும் உறுப்புக்கும் உள்ள பொருத்தமே உருவம் என்பது அவர்கள் கண்ட உண்மை.

இரண்டாவது, நேர்மை. இரு சிறகும் ஒரே கோணத்தில் உயர்ந்துள்ளனவா? சக்கரங்கள் இரண்டும் தரையில் பதிகின்றனவா? மூன்றாவது, இணைப்பு. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, உண்மையில் ஏழு சென்டிமீட்டர் பிளவாகும். அத்தகைய பிளவோடு எவ்விமானமும் பறந்ததில்லை.

நான்காவது, நாள். இதுவே அரியது. 1942 ஏப்ரலில் கொழும்பைக் காத்த ஹரிக்கேன்களின் வட்டச் சின்னத்தில் செந்நிறம் உண்டு. ஜப்பானியரின் செங்கதிர்ச் சின்னத்தோடு மயக்கம் நேர்ந்தமையால், பின்னர் இந்தியப் பகுதியில் அச்செந்நிறம் நீக்கப்பட்டது. ஆதலின், 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் போரிட்ட நம் முதலாம் படைப்பிரிவின் ஹரிக்கேனைச் செய்வோர் அச்சின்னத்தில் சிவப்பு இடலாகாது. ஒரு துளிச் சிவப்பில் இரண்டாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

டாங்கி முதலிய ஊர்திகளுக்கும் நெறி இதுவே. சங்கிலியின் தொய்வும், அதில் ஒட்டிய மண்ணின் நிறமும் போர் நிகழ்ந்த இடத்திற்கு இயைதல் வேண்டும். பாலைநிலத்து டாங்கியில் பர்மாவின் செஞ்சேறு பொருந்தாது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதன்முதல் வெளிவந்த விஜயந்தா டாங்கிகள், இன்று பல ஊர்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. மாதிரி செய்ய விழையும் இளைஞர் அளவு நாடாவோடு அவற்றினருகே ஒரு நாழிகை நிற்பாராக. தில்லி பாலத்திலுள்ள விமானப்படைக் காட்சிச் சாலையில் ஹரிக்கேன் ஒன்று உள்ளது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்தல் பயிற்சியின் ஒரு பகுதியாகவே விளங்குகிறது.

கொலைக்கருவியைச் சிற்றுருவாகச் செய்து மகிழ்வதா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. போரை மறந்து கருவியை மட்டும் வியப்பது பேதைமை. ஆயின் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு சின்னத்தையும் மெய்யோடு ஒப்பிட்டுச் செய்பவன், இவ்விமானம் எங்கு பறந்தது, யாரை வீழ்த்தியது, யாரோடு வீழ்ந்தது என்று கேளாதிருத்தல் இயலாது. பிழையற்ற மாதிரி அவனைப் பிழையற்ற நினைவுக்கு அழைத்துச் செல்லும்.

பாறசாலைச் சிறுவன் நுங்கு வண்டியை உருட்டட்டும். அது அவன் உரிமை. வளர்ந்தபின் அவன் கையில் ஒரு சிறு ஹரிக்கேன் வருமாயின், அதன் மூக்கை ஒரு கணம் உற்று நோக்கட்டும். கொழும்பு வானில், அம்மூக்கின் வடிவை அறிந்துகொள்ளச் சில நொடிகளே பெற்றோர் இருந்தனர்.